வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள்

 

"ஹஸரத், ஜித்தாவுக்கு எத்தனை மணித்தியாலப் பிரயாணம்?"

மலைநாட்டில் ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவியிடம் மார்க்க விளக்கம் மட்டும் கேட்கப்படுவதில்லை. வங்கிக் கடிதம், பாடசாலை விண்ணப்பம், மருந்துத் துண்டு எல்லாம் வரும். இப்போதெல்லாம் அதிகமாக வருவது விமானச் சீட்டு. உம்ராவுக்குப் போகும் கடைக்கார ஹாஜியார் ஒரு பக்கம் என்றால், வீட்டு வேலைக்காகச் சவூதிக்குப் போகும் தோட்டத்துத் தாய் மறுபக்கம். லயத்தில் பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரியும் அதே சீட்டை எடுத்துக்கொண்டுதான் வருகிறார். கேட்கும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. அதற்குச் சரியான பதில் தெரியாமல் விமானத்தைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு. நோன்பை நேரத்துக்கு முன் திறந்துவிட்டவர்கள் உண்டு. ஜனாஸாவை இரண்டு நாள் வைத்துக்கொண்டு காத்திருந்த வீடுகளும் உண்டு. ஆகவே இந்த மாதம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வானத்துத் தூரம்

கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்திலிருந்து ஜித்தாவிலுள்ள மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் சுமார் 4,650 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் போகும்போது மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். வகுத்துப் பார்த்தால் ஐந்தரை மணித்தியாலம் வரும். ஆனால் விமானம் மேலெழும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இராது. அதோடு சீட்டில் போட்டிருக்கும் நேரம், சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. விமானம் தரித்திருந்த இடத்திலிருந்து நகரும் நேரம். இறங்கும் நேரமும் அப்படியே, போய் நிற்கும் நேரம். இவையெல்லாம் சேர்ந்து, நேரடி விமானத்தில் போவதற்கு சுமார் ஆறு மணித்தியாலம் ஆகிறது.

திரும்பி வரும்போது பெரும்பாலும் அரை மணித்தியாலம் குறையும். தூரம் அதேதான், காற்றுத்தான் வேறு. மார்கழி, தை போன்ற மாதங்களில் அரேபியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் இருக்கிறது. கிழக்கே வரும் விமானத்தை அது தள்ளிவிடுகிறது. மேற்கே போகும் விமானத்தை எதிர்க்கிறது. நமது தென்மேல் பருவ மாதங்களிலோ, இந்தியாவின் தென்பகுதிக்கும் நமது நாட்டுக்கும் மேலே மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அப்போது இந்த வித்தியாசம் குறைந்துவிடும்.

இன்னொரு செய்தி. நமது மலைநாட்டுப் பள்ளிகளில் கிப்லா நேர்மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கே சாய்ந்தது. பாடசாலைச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் கோடு இழுத்துப் பார்த்தால் சுமார் 20 பாகைதான் வரும். உலகம் உருண்டை என்பதால் இந்த வித்தியாசம். உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் குறுகிய வழி. கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கான குறுகிய வான்வழியும் ஏறத்தாழ அதே 25 பாகையில்தான் புறப்படுகிறது. தினம் ஐந்து வேளை நாம் முகம் திருப்பும் திசையிலேயே, அரபிக்கடலைத் தாண்டி அரேபிய மண்ணுக்குள் அந்த வழி நுழைகிறது.

சீட்டு சொல்லும் நேரம்

உதாரணத்துக்கு ஒரு சீட்டைப் பார்ப்போம். கட்டுநாயக்கவில் புறப்பாடு 18.00, ஜித்தாவில் வந்து சேர்தல் 21.30. "மூன்றரை மணித்தியாலந்தானே!" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். இல்லை. விமானச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சவூதி அரேபியா நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. ஆகவே மூன்றரையோடு இரண்டரையைக் கூட்ட வேண்டும், ஆறு. திரும்பி வரும் சீட்டில் ஜித்தா 23.00, மறுநாள் கட்டுநாயக்க 07.00 என்று இருந்தால் எட்டு மணித்தியாலம் தெரிகிறது. அதிலிருந்து இரண்டரையைக் கழியுங்கள், ஐந்தரை. மேற்கே போகும்போது கூட்டல், கிழக்கே வரும்போது கழித்தல். இவ்வளவுதான் கணக்கு.

சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் ஆகிய நாடுகளுக்கு இந்த இரண்டரை பொருந்தும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் ஓமானுக்கும் ஒன்றரை மணித்தியாலம். இடையில் டுபாயிலோ தோஹாவிலோ இறங்கி வேறு விமானம் ஏறுவதாக இருந்தால், அங்கே போட்டிருக்கும் நேரம் அந்த ஊர் நேரம் என்பதையும், காத்திருக்கும் நேரம் தனி என்பதையும் மறக்கக்கூடாது. ஆறு மணித்தியாலம் அப்போது பத்தாகும், பன்னிரண்டும் ஆகும்.

நீண்ட காலத்துக்கு முன் சவூதியில் வேலை செய்து வந்தவர்கள் சிலர், "மூன்று மணித்தியால வித்தியாசம்" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது நமது நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பக் குறைக்கப்பட்டது. அதன் பின் 2006 ஏப்ரல் வரை சவூதிக்கும் நமக்கும் வித்தியாசம் மூன்று மணித்தியாலமாகத்தான் இருந்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினோம். எனவே பழைய கணக்கைக் கொண்டு இன்றைய சீட்டைப் பார்க்க வேண்டாம்.

இந்த இரண்டரை மணித்தியாலம் பிரயாண நாளோடு முடிந்துவிடுவதில்லை. அங்கே மகள் வேலை முடித்து இரவு 10 மணிக்குப் போன் எடுத்தால், இங்கே நடுச்சாமம் 12.30. விடியக் காலையில் எழுந்து, சமைத்து வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் தாய் அப்போது அயர்ந்து தூங்குகிறாள். "உம்மா போனை எடுக்கவில்லை" என்று அங்கே அழுகை. "மகள் போன் எடுக்கவே இல்லை" என்று இங்கே கவலை. வெள்ளிக்கிழமை அன்றோ ஞாயிறு அன்றோ, இரண்டு பேருக்கும் வசதியான ஒரு நேரத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் இந்த மனவேதனை பாதி குறைந்துவிடும்.

நடுச்சாமச் சீட்டு

அரபு நாடுகளுக்குப் போகும் விமானங்கள் இரவிலும் புறப்படுகின்றன. "12ஆம் திகதி, 00.45" என்று சீட்டில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் 12ஆம் திகதி பகல் முழுவதும் உறவினரிடம் சொல்லிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வேனில் ஏறுகிறார்கள். விமான நிலையத்தில், "உங்கள் விமானம் நேற்று இரவே போய்விட்டது" என்கிறார்கள். நகை அடகு வைத்த பணம், கடன் வாங்கிய பணம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடுகிறது.

00.45 என்றால், 11ஆம் திகதி இரவு 12 மணி கழிந்து 45 நிமிடம். அந்த விமானத்துக்கு 11ஆம் திகதி இரவு 9.45க்கே கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். நமது சமூகத்தாருக்கு இது புரிய முடியாத விசயம் அல்ல. வியாழன் மாலை மஃரிபுக்குப் பின் வருவதை நாம் வெள்ளி இரவு என்கிறோம். நமக்கு இரவு முன்னே வரும், பகல் பின்னே வரும். தலைப்பிறை கண்ட இரவே நோன்பின் முதல் தராவீஹ் தொழுகிறோம். அதைப் போலவே நினைத்துக்கொள்ளுங்கள்: நமது நாள் மஃரிபில் மாறுகிறது, விமானச் சீட்டின் நாள் நடுச்சாமத்தில் மாறுகிறது. நடுச்சாமம் கழிந்து புறப்படும் விமானத்துக்கு முந்திய நாள் மாலையே வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

மலையிலிருந்து கடற்கரைக்கு

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க சுமார் 130 கிலோமீட்டர். வேனில் நாலு, நாலரை மணித்தியாலம். கினிகத்தேனை, கித்துல்கலைப் பக்கத்து வளைவுகளில் மூடுபனியோ மழையோ இருந்தால் ஐந்தும் ஆகும். நுவரெலியாவிலிருந்து என்றால் இன்னும் கூடும். தோட்டத்தின் மேல் பிரிவில் இருப்பவர்கள் டவுனுக்கு இறங்கி வருவதற்கே ஒரு மணித்தியாலம் வேண்டும்.

இதைத் திருச்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலைநாட்டில் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்குத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் இன்னும் சொந்தம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே வீட்டில் அண்ணனை அங்கேயும் தம்பியை இங்கேயுமாகப் பிரித்தது. அக்காலத்தில் தலைமன்னாருக்குக் கோச்சியில் போய், கப்பலில் கடல் தாண்டி, மறுபடி கோச்சி ஏறினார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. யுத்தம் தொடங்கிய காலத்தோடு அதுவும் நின்றது. இன்று கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி நேர்த்தூரம் சுமார் 420 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணித்தியாலம். கடிகாரத்தைத் திருப்பவும் தேவையில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். 420 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலம், 130 கிலோமீட்டருக்கு நாலரை மணித்தியாலம்! கடலைக் கடப்பது இலேசாகிவிட்டது. மலையிலிருந்து இறங்குவதுதான் இன்னும் பாரமாக இருக்கிறது.

ஆகவே 18.00 மணி விமானத்துக்கு எப்போது புறப்பட வேண்டும்? விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும், 15.00. பாதைக்கு நாலரை, 10.30. வழியில் ளுஹருக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம், 9.30. மண்சரிவு, டயர் பழுது என்று இன்னும் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கினால் 8.30. மழைக்காலத்தில் அதுவும் போதாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாட்டு வீதிகள் எத்தனை இடங்களில் அறுந்து போயின என்பதை நாம் மறக்கவில்லை. அப்படியான நாட்களில் முந்திய நாளே இறங்கி, நீர்கொழும்பிலோ கொழும்பிலோ தெரிந்தவர் வீட்டில் தங்குவதே புத்தி. ஆறு மணித்தியாலப் பிரயாணம் என்று சொன்னது உண்மைதான். ஆனால் காலை 8.30க்கு வீட்டு வாசலைத் தாண்டியவர் ஜித்தாவில் இறங்கும்போது நமது நேரப்படி நடுச்சாமம் 12 மணி. மொத்தம் பதினைந்தரை மணித்தியாலம்.

மார்க்கச் சட்டமும் இதே மாதிரியே எண்ணுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒருவர் முஸாபிராக ஆவது விமானம் எழும்பும்போது அல்ல. தமது ஊரின் எல்லையைத் தாண்டும்போது. ஆகவே கட்டுநாயக்கவில் நிற்கும் ஹட்டன்வாசி ஏற்கெனவே பிரயாணிதான். ளுஹரையும் அஸரையும் சுருக்கி, சேர்த்துத் தொழுதுவிட்டு விமானம் ஏறலாம். மஃரிபைப் பிற்படுத்தி இஷாவோடு சேர்ப்பதாக நிய்யத் வைத்தால், ஜித்தாவில் இறங்கியபின் இரண்டையும் நிம்மதியாகத் தொழலாம். இந்தச் சலுகை தெரியாமல் விமானத்துக்குள் பதறுவோரும், பதறி விட்டுவிடுவோரும் இருக்கிறார்கள்.

வானத்தில் நோன்பு

ரமழானில் பகல் 1 மணி விமானத்தில் மேற்கே போகிறவர், நோன்பு எப்போது திறப்பது என்று கேட்கிறார். சூரியன் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை மேற்கே போகிறது. நமது விமானமோ ஆறு மணித்தியாலத்தில் சுமார் 40 பாகை, அதாவது மணிக்கு ஏறத்தாழ ஏழு பாகை போகிறது. சூரியனை அது எட்டிப் பிடிக்காது. ஆனால் பாதி வேகத்தில் பின்னாலேயே ஓடுகிறது. அதனால் பகல் நீளுகிறது. நமது நாட்டில் ஏறத்தாழ பதின்மூன்றரை மணித்தியாலமாக இருக்கும் நோன்பு, ஜித்தாவில் சூரியன் மறையும் வரை என்றால் பதினாறு மணித்தியாலத்தைத் தாண்டிவிடும்.

மாலை 6 மணி விமானத்தில் வேறு ஒரு மயக்கம். கைக்கடிகாரத்தில் 6.20 ஆகிவிட்டது, ஊரில் பாங்கு சொல்லியிருப்பார்கள். ஆனால் ஜன்னலில் சூரியன் தெரிகிறது. பதினோராயிரம் மீற்றர் உயரத்தில் இருப்பவருக்கு, கீழே தரையில் நிற்பவரை விட 10 நிமிடத்துக்கும் அதிகமாகச் சூரியன் தெரிந்துகொண்டிருக்கும். மேற்கே போவதால் அது இன்னும் கூடும். உலமாக்கள் தரும் விளக்கம் தெளிவானது: நீங்கள் இருக்கும் இடத்தில், உங்கள் கண்ணுக்குச் சூரியன் மறைய வேண்டும். ஊர்க் கடிகாரமும் செல்லாது, கீழே கடந்து போகும் ஊரின் பாங்கும் செல்லாது. ஆனால் தரையில் இருக்கும்போதே சூரியன் மறைந்து நோன்பு திறந்துவிட்டவர், பின்பு மேலெழுந்து சூரியனைக் கண்டாலும் அவருடைய நோன்பு நிறைவேறியதே என்று நம் காலத்து உலமாக்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள்.

பிரயாணிக்கு நோன்பை விட்டு, வேறு நாளில் நோற்றுக்கொள்ளும் அனுமதியை அல்குர்ஆனே தந்திருக்கிறது. நமது ஷாபிஈ மத்ஹபில், அந்த நாளின் நோன்பை விடுவதற்கு, ஸுபஹுக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். காலை 8.30க்குப் புறப்படுகிறவருக்கும் அதிகாலை 4 மணிக்குப் புறப்படுகிறவருக்கும் இங்கே சட்டம் வேறுபடுகிறது. புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்கும்போதே இதையும் யோசித்துக்கொள்வது நல்லது.

உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பல் காலத்தில் நமது முன்னோர் யலம்லமுக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டினார்கள். இன்று கிழக்கிலிருந்து வரும் விமானம் ஜித்தாவில் இறங்குமுன்னே தாயிஃப் பக்கத்து மீகாத்தைக் கடந்துவிடுகிறது. அந்த வேகத்தில் மீகாத்தின் எல்லை சில விநாடிகளில் போய்விடும். ஆகவே உடையை முன்பே மாற்றிக்கொண்டு, அறிவிப்பு வந்தவுடன் நிய்யத் வையுங்கள். தூங்கிவிடுவோம் என்ற பயம் இருந்தால் முன்கூட்டியே நிய்யத் வைப்பதில் தவறில்லை.

ஜனாஸாவும் காத்திருப்பும்

இனிக் கடினமான விசயத்துக்கு வருகிறேன். வாப்பா மௌத்தாகிவிட்டார். மகன் ஜித்தாவில் இருக்கிறார். "ஆறு மணித்தியாலந்தானே, மகன் வந்து முகம் பார்க்கட்டும்" என்று வீட்டார் அழுகிறார்கள். அந்த அழுகை நியாயமானதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மகன் அந்த நிமிடமே வாசலில் இறங்கி, ஒரு விமானமும் அவருக்காகவே ஆயத்தமாக இருந்தாலும்கூட: விமான நிலையத்தில் மூன்று, பறக்க ஐந்தரை, கட்டுநாயக்கவில் வெளியே வர ஒன்று, மலை ஏற நாலரை, பதினான்கு மணித்தியாலம். உண்மையில் மீள்நுழைவு வீசா எடுக்க வேண்டும், முதலாளியிடம் பேச வேண்டும், சீட்டுக் கிடைக்க வேண்டும். ஒரு நாளாகும், இரண்டு நாளும் ஆகும்.

திருச்சியில் ஒரு மௌத் என்றால் இங்கிருந்து போவதும் அப்படியே. பறப்பது ஒரு மணித்தியாலம். வாசலிலிருந்து எண்ணினால், வீசா கையில் இருந்தாலும் ஒன்பது, பத்து.

ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குமாறு ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் "ஆறு மணித்தியாலம்" என்ற ஒரு சொல்லை நம்பிக் காத்திருக்காமல், முதல் அரை மணித்தியாலத்திலேயே இந்தக் கணக்கை மகனோடு போனில் பேசிவிட வேண்டும். அவர் வாயாலேயே "அடக்கிவிடுங்கள்" என்று வருமாறு அன்போடு பேச வேண்டும். அப்படிச் சொன்ன மகனைப் பார்த்துப் பின்னால் எவரும், "வாப்பாவின் மௌத்துக்கும் வரவில்லை" என்று ஒரு சொல் சொல்லக்கூடாது. தூரத்தில் இருப்பவர் காயிப் ஜனாஸாத் தொழுகை தொழ நமது மத்ஹபில் அனுமதி இருக்கிறது. அவர் அங்கே தொழட்டும். அவர் கேட்கும் துஆவுக்குத் தூரமும் இல்லை, நேர வித்தியாசமும் இல்லை.

இதைப் படிக்கும் வீட்டில் யாராவது பிரயாணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தால், சீட்டை இன்றே எடுத்து மேசையில் வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தத் திகதி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும், எத்தனை மணிக்குக் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும், சேரும்போது அங்கே எத்தனை மணி, இங்கே எத்தனை மணி. எழுதியதைப் பாடசாலை போகும் பிள்ளையிடம் கொடுத்து ஒருமுறை கணக்குச் சரி பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். பிரயாணம் போகிறவருக்கும் அது உதவும். சேர்ந்த செய்திக்காக வீட்டில் விழித்திருப்பவருக்கும் உதவும்.

பிரயாணிகள் எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பானாக. வஸ்ஸலாம்.